மாடியில் ஒரு காலித் தொட்டி: கம்பம் பள்ளத்தாக்கும் பாம்பு வளர்ப்பும்

போன மாசம் அக்கா மகன் கம்பத்துல இருந்து போன் பண்ணினான். "மாமா, நீங்கதான் பாம்பு பத்தியெல்லாம் படிச்சு வச்சிருக்கீங்கள்ல. கார்ன் ஸ்நேக் ஒண்ணு வாங்கப் போறேன். மொதல்ல என்னென்ன வேணும்னு ஒரு லிஸ்ட் மட்டும் சொல்லுங்க" என்றான். கண்ணாடித் தொட்டி ஏற்கெனவே வாங்கி மாடியில் வைத்துவிட்டானாம். ஆன்லைனில் பிடித்த ஒரு ஆளுக்கு அட்வான்ஸ் 3,000 ரூபாயும் போட்டுவிட்டானாம். அக்காவுக்குத் தெரியாது. "அம்மாகிட்ட மீன் தொட்டின்னு சொல்லியிருக்கேன் மாமா, நீங்க எதுவும் உளறிராதீங்க."

வழக்கமான மாமாவாக இருந்தால் அங்கேயே நாலு வசவு கொடுத்து போனை வைத்திருக்கணும். என்னால் முடியவில்லை. காரணம் இருக்கு. எனக்கு 10 வயசு இருக்கும்போது சின்னமனூரில் எங்கள் வயலை ஒட்டிய வாய்க்காலில் ஒரு குட்டித் தண்ணிப்பாம்பைப் பிடித்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, மூடியில் ஆணியால் நாலு ஓட்டை குத்தி, மாட்டுக்கொட்டகையில் ஒளித்து வைத்தேன். அரிசி போட்டேன், வெல்லம் போட்டேன். நாலாவது நாள் அது செத்துப்போயிருந்தது. அந்தப் பாட்டிலை வாய்க்காலில் வீசியது இன்னும் ஞாபகம் இருக்கு. அதனால் பையனிடம், "ரெண்டு நாள் டைம் குடு, படிச்சுட்டுச் சொல்றேன்" என்றேன். ரெண்டு நாள் ரெண்டு வாரமாகி, அந்தக் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரையாக வளர்ந்துவிட்டன.

பெயரிலிருந்து ஆரம்பிப்போம்

கார்ன் ஸ்நேக் என்பதைச் சோளப்பாம்பு என்று சிலர் எழுதுகிறார்கள். கண்டிப்பாகப் பார்த்தால் மக்காச்சோளப் பாம்பு. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்கள்தான் இதன் சொந்த ஊர். அங்கே மக்காச்சோளக் கதிரைக் கொட்டி வைக்கும் களஞ்சியங்களுக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் இந்தப் பாம்பு வரும். அதனால் இந்தப் பெயர் என்பது ஒரு விளக்கம். வயிற்றுப் பக்கம் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டியிருப்பது, அந்நாட்டுப் பலநிறச் சோளக்கதிரின் மணிகளைப் போல இருப்பதால் வந்தது என்பது இன்னொன்று. விஷம் கிடையாது. இரையைச் சுற்றி இறுக்கிக் கொன்று விழுங்கும். வளர்ந்தால் 3 முதல் 5 அடி. 1766-ல் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார்.

இதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். களத்துமேட்டில் எலி பிடிக்கிற, விஷமில்லாத, கட்டுத்தறி வரைக்கும் வந்து போகிற பாம்பு என்றால் அது நம்ம சாரைதானே! சாரைக்கு லின்னேயஸ் பெயர் வைத்தது 1758-ல். அந்தக் கணக்கில் நம்ம ஆள் 8 வருஷம் சீனியர். ரெண்டும் ஒரே பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவைதான். ஆனால் ஒன்று உலகம் முழுக்கப் பிள்ளைகளின் படுக்கையறையில் வளர்கிறது, இன்னொன்று கம்பில் அடிபட்டுச் சாகிறது. இந்த வித்தியாசம் எங்கே தொடங்கியது?

குணம் ஒரு காரணம். சாரை 6 அடிக்கு மேல் வளரும், பயந்த சுபாவம், பிடித்தால் சீறும், கடிக்கும், அடைத்து வைத்தால் கண்ணாடியில் மூக்கை இடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். கார்ன் ஸ்நேக் சாது. ஆனால் குணம் மட்டும் போதாது. 1962-ல் பெக்டெல் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர், கறுப்பு நிறமி இல்லாத கார்ன் ஸ்நேக்கை வீட்டில் இனப்பெருக்கம் செய்து, அந்த நிறம் மெண்டல் சொன்ன விதிப்படி பிள்ளைகளுக்குப் போகிறது என்று ஆய்வுக் கட்டுரை எழுதினார். பாம்பின் நிறத்தைத் திட்டம் போட்டு உண்டாக்கலாம் என்று தெரிந்ததும் அது ஒரு தொழிலாகிவிட்டது. ஆரஞ்சு, வெள்ளை, சாம்பல் என இன்று எத்தனையோ ரகம். அதாவது மருமகன் போட்டோவில் பார்த்து மயங்கிய அந்த ஆரஞ்சு நிறப் பாம்பு காட்டிலிருந்து வந்ததல்ல. 60 வருஷத்துக்கும் மேலாகப் பெட்டிக்குள் பிறந்து வளர்ந்த பரம்பரை.

தண்ணி வந்தது, எலி வந்தது

இனி நம்ம ஊருக்கு வருவோம். 1895-ல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிந்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் கிழக்கே திரும்பியது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று கீழே இறங்கும் இந்தப் பள்ளத்தாக்கில் இன்று இருபோக நெல் பாசனம் 14,707 ஏக்கர் என்பது, ஜூன் மாதம் தண்ணீர் திறக்கும்போதெல்லாம் செய்தித்தாளில் வரும் எண். பென்னிகுக் படம் மாட்டாத டீக்கடை எங்கள் பக்கம் குறைவு.

ஆனால் இருபோக நெல் என்றால் இருபோக எலியும்தான். வரப்பு ஓரத்தில் வளை தோண்டி, கதிரை அறுத்து உள்ளே இழுத்துச் சேர்த்து வைக்கும். அதைத் தின்ன வளைக்குள்ளேயே நுழையும் ஆள் சாரை. என் தாத்தாவுக்கு இது நன்றாகத் தெரியும். சாரையை அடிக்க விடமாட்டார். அப்பா அப்படியில்லை. சாரைதான் நல்லபாம்புக்கு ஆண் துணை, சாரை வந்தால் பின்னாடியே நல்லதும் வரும் என்று அவர் உறுதியாக நம்பினார். ரெண்டு பாம்பு பின்னிக்கொண்டு எழுந்து நிற்பதைப் பார்த்து ஜனங்கள் சொல்லி வந்த கதை இது. உண்மையில் பெரும்பாலும் அது ரெண்டு ஆண் சாரைகளின் மல்யுத்தம். எது பலசாலி என்று பார்க்கும் போட்டி. சாரையும் நல்லபாம்பும் வெவ்வேறு குடும்பம், இணைசேர முடியாது. அந்தக் கதையால் செத்த சாரைகள் எத்தனையோ.

மேகமலையின் பாட்டில்

கம்பம் பள்ளத்தாக்கில் பாம்புகளை உட்கார்ந்து கவனித்து எழுதிய ஒரு மனிதர் இருந்தார் என்பது எனக்கே சில வருஷம் முன்னாடிதான் தெரியும். சின்னமனூரிலிருந்து மேலே ஏறினால் மேகமலை. வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஹைவேவிஸ். 1940-களில் அங்கே ஆங்கஸ் ஹட்டன் என்ற தேயிலைத் தோட்டக்காரர் இருந்தார். பாம்பு, வவ்வால், பாலூட்டிகள் என்று சேகரித்துப் பதிவு செய்தார். அந்த மலையின் பாம்புகளையும் பாலூட்டிகளையும் பற்றிய அவரது குறிப்புகள் 1949-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வந்தன.

அவர் 1948-ல் பிடித்த ஒரு பழந்தின்னி வவ்வாலை, சாதாரண வகை என்று நினைத்துக் கழகத்தின் சேகரிப்பில் வைத்துவிட்டார்கள். 24 வருஷம் கழித்து, 1972-ல், கிட்டி தொங்லோங்யா என்ற தாய்லாந்து ஆய்வாளர் அது புதிய பேரினம் என்று கண்டறிந்து, சலீம் அலி பெயரை வைத்தார். அதைவிட என்னை ஆட்டிய செய்தி வேறு. ஹட்டன் அந்த மலையில், ஏறத்தாழ 5,200 அடி உயரத்தில், ஒரு குழிவிரியனைப் பிடித்தார். மால்கம் ஸ்மித் 1949-ல் அதற்கு ஹட்டனின் பெயரையே வைத்தார். உலகத்தில் அந்தப் பாம்புக்கு இருக்கும் மாதிரிகள் ரெண்டே ரெண்டு, ரெண்டும் அந்தக் காலத்தில் கிடைத்தவை. சுமார் 60 வருஷம் கழித்து பாட்ரிக் டேவிட் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து ஹட்டன் தன் பழைய சேகரிப்பைப் பற்றி மறுபடி எழுதினார். பெயர் இருக்கிறது, பாட்டில் இருக்கிறது, பாம்பைத்தான் காணோம்.

அந்தக் காலத்து முறை அதுதான். அவருக்கு 150 வருஷம் முன்னால் விசாகப்பட்டினத்தில் இருந்த பாட்ரிக் ரஸ்ஸலும் அப்படித்தான் தொடங்கினார். சோழமண்டலக் கடற்கரைப் பாம்புகளைப் பற்றி 1796-ல் அவர் வெளியிட்ட பெரிய புத்தகத்தில் உள்ளூர்த் தெலுங்குப் பெயர்களையே பாம்புகளுக்குப் பயன்படுத்தினார். கண்ணாடி விரியனை உலகம் இன்று ரஸ்ஸல் பெயரால்தான் சொல்கிறது. பாட்டில் அறிவுக்கும் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கும் தூரம் ரொம்ப இல்லை. ஆசை ஒன்றுதான். அவர்கள் எழுதி வைத்தார்கள், நான் வீசிவிட்டேன்.

தோலும் பானையும்

பாம்பை வைத்துப் பிழைத்தவர்கள் வரலாறு தனி. 20-ம் நூற்றாண்டின் நடுவில் மெட்ராஸ் பாம்புத்தோல் ஏற்றுமதியின் பெரிய மையம். பெல்ட், பர்ஸ், செருப்பு என்று ஐரோப்பாவுக்குப் போன தோல்களில் சாரைத்தோலுக்கு நல்ல கிராக்கி, ஏனென்றால் நீளமும் அகலமும் அதில்தான் கிடைக்கும். செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் பிடித்துக் கொடுத்தார்கள். காசு பெரும்பாலும் நடுவில் இருந்தவர்களுக்கு. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதே 1972-ல் கிண்டியில் ராமுலஸ் விட்டேக்கர் முயற்சியில் பாம்புப் பண்ணையும் வந்தது. 1976-ல் பாம்புத்தோல் ஏற்றுமதி முழுக்க நின்றது. சாரை பிழைத்தது, இருளருக்குப் பிழைப்பு போனது.

அதற்கு விடையாக 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இன்றும் நடக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் விஷம் எடுக்க ஆரம்பித்தார்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த 4 பாம்புகளின் விஷம் மட்டும். நம்ம தேனி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் பாம்பு கடித்து வருபவருக்கு ஏற்றும் மருந்தும் இந்த 4 விஷங்களுக்கு எதிராகத் தயாரிக்கப்படுவதுதான்.

இங்கேதான் மருமகன் கேட்ட கேள்விக்கான முதல் பதில் எனக்குக் கிடைத்தது. உலகத்திலேயே பாம்பை நன்றாக அறிந்தவர்கள் என்று பேர் வாங்கிய இருளர்கள் பாம்பை எப்படி வைக்கிறார்கள்? மண்பானையில். கொஞ்சம் மண் போட்டு, வாயைத் துணியால் கட்டி, குளிர்ந்த இடத்தில். இருட்டு, குளுமை, அமைதி, அவ்வளவுதான். எத்தனை நாள்? சில வாரங்கள். வாரம் ஒரு தரம் விஷம் எடுப்பார்கள். பிறகு மறுபடி அதே பாம்பைப் பிடித்துவிடாமல் இருக்க வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்து, காட்டில் விட்டுவிடுவார்கள். அதற்கும் அரசு அனுமதி, எண்ணிக்கைக் கட்டுப்பாடு எல்லாம் உண்டு. இவ்வளவு தெரிந்தவர்களே பாம்பை "வளர்ப்பது" இல்லை. இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

ஃப்ளோரிடாவுக்குப் போன ரெண்டு பேர்

கார்ன் ஸ்நேக்கின் சொந்த ஊர்களில் ஒன்று ஃப்ளோரிடா. ஆசியாவிலிருந்து செல்லப்பிராணியாகப் போன பர்மிய மலைப்பாம்புகள் அங்கே சதுப்பு நிலத்தில் தப்பியும், வளர்க்க முடியாமல் கொண்டுபோய் விடப்பட்டும் பெருகி, முயலும் ரக்கூனும் கண்ணில் படாத அளவுக்குத் தின்று தீர்த்தன. பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று 2017 ஜனவரியில் அழைத்தது யாரை? நம்ம இருளர் ரெண்டு பேரை. மாசி சடையன், வடிவேல் கோபால். முதல் ரெண்டு வாரத்துக்குள்ளேயே 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள், அதில் ஒன்று 16 அடிப் பெண் பாம்பு. 2023-ல் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

கார்ன் ஸ்நேக்கும் இந்த விஷயத்தில் சாது இல்லை. செல்லப்பிராணியாகவும் சரக்கோடு சரக்காகவும் போய்ச் சேர்ந்து, கரீபியன் தீவுகள் சிலவற்றில் தானாகப் பெருகிவிட்டது. ஆஸ்திரேலியாவில் அதை வைத்திருப்பதே குற்றம். எலி, முட்டை, குருவிக்குஞ்சு எது கிடைத்தாலும் தின்னும், மரம் ஏறும், மூடி கொஞ்சம் தளர்ந்தால் தப்பித்துவிடும். ஒரு பக்கம் மேகமலை, இன்னொரு பக்கம் நெல்வயல், நடுவில் நம்ம ஊர். இதை யோசித்துப் பார்க்கணும்.

ரெண்டு பெட்டிகள்

2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்து யாரும் எடுக்காமல் கிடந்த ரெண்டு பெட்டிகளைச் சுங்கத்துறை திறந்து பார்த்தது. உள்ளே 45 பால் பைத்தான், 3 மார்மோசெட் குரங்கு, 3 நட்சத்திர ஆமை, 8 கார்ன் ஸ்நேக். எல்லாவற்றையும் பாங்காக்குக்கே திருப்பி அனுப்பினார்கள். துணிப்பையில் கட்டி, சூட்கேஸில் அடுக்கி வருகிற பயணத்தை நினைத்துப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாரை, தண்ணிப்பாம்பு, மலைப்பாம்பு என்று நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைக்கக் கூடாது. பிடிப்பதே சட்டத்தின் கண்ணில் வேட்டை. தண்டனை சிறை வரைக்கும் போகும். வெளிநாட்டு உயிரினங்களுக்கு 2020-ல் மத்திய அரசு தானாக முன்வந்து தெரிவிக்கும் திட்டம் கொண்டுவந்தது, 2022-ல் சட்டத்தையே திருத்தி, பன்னாட்டு வணிக ஒப்பந்தமான சைட்டிஸ் பட்டியலில் உள்ளவற்றை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும் என்றாக்கியது. 2024-ல் அதற்கான விதிகளும் வந்தன. பால் பைத்தான் அந்தப் பட்டியலில் இருக்கு. கார்ன் ஸ்நேக் இல்லை. விற்கிறவர்கள் பிடித்துக்கொள்ளும் நூல் இதுதான்: "இதுக்குப் பேப்பரே தேவையில்ல சார்." ஆனால் உயிருள்ள பிராணியை நாட்டுக்குள் கொண்டுவர இறக்குமதி உரிமமும் தனிமைப்படுத்தல் சோதனையும் வேண்டும். அது ரெண்டும் இல்லாமல் வந்த பாம்பின் குட்டி எப்படி நேரான பாம்பாகும்?

கேட்ட லிஸ்ட்

சரி, பையன் லிஸ்ட்தானே கேட்டான். ஒளிக்காமல் அதையும் எழுதிக் கொடுத்தேன்.

தப்பிக்க முடியாத மூடி போட்ட தொட்டி. ஒரு பக்கம் 30 டிகிரி, மறுபக்கம் 24 டிகிரி. ஒளிந்துகொள்ள ரெண்டு மறைவிடம், ரெண்டு பக்கமும். எப்போதும் தண்ணீர். குட்டிக்கு வாரம் ஒரு தரம் ரோமம் முளைக்காத எலிக்குஞ்சு, பெரிதானால் பத்துப் பதினஞ்சு நாளுக்கு ஒரு எலி. உயிரோடு போடக் கூடாது, எலி திருப்பிக் கடித்தால் பாம்புக்குப் புண்ணாகும். உறையவைத்து, இளக்கிக் கொடுக்கணும். சாப்பிட்ட ரெண்டு நாளைக்குத் தொடக் கூடாது. தோல் உரிக்கும் நேரம் தொந்தரவு செய்யக் கூடாது. ஆயுள் 15 முதல் 20 வருஷம்.

எழுதி முடித்துவிட்டு அவனிடம் 3 கேள்வி கேட்டேன்.

"வெளிநாட்டுப் புத்தகம் எல்லாம் சூடு எப்படி ஏத்துறதுன்னுதான் சொல்லுது. அங்க குளிரு. கம்பத்துல சித்திரை மாசம் மாடி ரூம்ல கரண்ட் போனா 24 டிகிரிக்கு எங்க போவ?"

பதில் இல்லை.

"எலிக்குஞ்சை அம்மாவோட ஃப்ரிட்ஜ்ல எங்க வைப்ப? இட்லி மாவுக்குப் பக்கத்துலயா?"

சிரித்துவிட்டான்.

"இப்ப உனக்கு 19. இந்தப் பாம்புக்கு 20 வயசு ஆகுறப்ப உனக்கு 39. வேலை, கல்யாணம், வெளியூர். யார் பாப்பா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அப்ப பாம்பே பாக்கக் கூடாதா மாமா?" என்றான். அந்தக் கேள்விதான் என்னைக் குத்தியது. ஹார்லிக்ஸ் பாட்டில் பையன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அன்று அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஆள் இல்லை.

பார்க்கலாம் என்றேன். தண்ணி திறந்து நாற்று நட்ட பிறகு காலை 9 மணி வெயிலில் வரப்போரம் சும்மா நின்றால் சாரை வரும், அது பகல் நேரத்துப் பாம்பு. பக்கத்தில் போகாமல், தேதி, நேரம், இடம், என்ன செய்தது என்று நோட்டில் எழுது. ஹட்டன் செய்ததில் பாட்டிலைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது அதுதான். மேகமலை இன்று புலிகள் காப்பகம், 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூரோடு சேர்த்து அறிவித்தார்கள். அனுமதி உள்ள பாதையில் போய்வரலாம். அந்த ரெண்டு மாதிரிக் குழிவிரியனை மறுபடி யாராவது பார்த்தால், அது நம்ம பள்ளத்தாக்குக்காரனாக இருக்கட்டுமே.

அட்வான்ஸ் வாங்கிய ஆள் இப்போது போனே எடுப்பதில்லையாம். 3,000 போனது போனதுதான். பையன் முழுசாக மனசு மாறிவிட்டான் என்றும் சொல்ல மாட்டேன், அந்த ஆரஞ்சுப் பாம்பின் போட்டோ இன்னும் அவன் போன் முகப்பில் இருக்கு. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். நோட்டுப் பக்கம். "காலை 9.20. கிழக்கு வரப்பு. சாரை, ஒரு 5 அடி இருக்கும். வளைக்குள்ள போச்சு. 12 நிமிஷம் கழிச்சு வெளிய வந்துச்சு. வயிறு வீங்கியிருந்துச்சு. பக்கத்து வயல் தாத்தா கம்பு எடுத்தாரு. நான் வேணாம்னேன். விட்டுட்டாரு."

தொட்டி இன்னும் மாடியில் காலியாகத்தான் இருக்கு. அக்கா மீன் எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.